இடையில் விட்டுப்போகும் மருந்து: இதயம், ரத்தம், நுரையீரல் நோய்கள் பற்றி

பெரிய அரசு மருத்துவமனைகளில் இதயத்துக்கு ஒரு கட்டடம், நெஞ்சக நோய்க்கு இன்னொரு கட்டடம், ரத்த நோய்க்கு எங்கோ ஒரு மாடியில் தனிப் பிரிவு என்று இருக்கும். நோயாளியின் உடலில் இந்தப் பிரிவினை கிடையாது. மூச்சு வாங்குகிறது என்று வருகிறவருக்கு நுரையீரல் கெட்டிருக்கலாம். இதயத்தின் இடப்பக்கம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டும் நன்றாக இருந்து, ரத்தத்தில் ஹீமோகுளோபின் 5 கிராமுக்கு இறங்கியிருக்கலாம். மைட்ரல் வால்வு சுருங்கிய இளம்பெண் இருமும்போது சளியோடு ரத்தம் வரும். அதை டி.பி. என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்தபின் இதய மருத்துவரிடம் வந்து சேரும் நோயாளிகள் இன்றும் உண்டு. படுத்தால் இருமல், எழுந்து உட்கார்ந்தால் ஆசுவாசம் என்று சொல்லும் முதியவருக்கு வீசிங் மருந்து தரப்படுவதும் உண்டு. பலருக்கு அங்கே பழுது நுரையீரலில் அல்ல, இதயத்தில்.

ரத்தம் ஒவ்வொரு சுற்றிலும் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து நுரையீரலுக்குப் போய், பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு, இடப்பக்கத்துக்குத் திரும்பி, அங்கிருந்து உடலெங்கும் போகிறது. வில்லியம் ஹார்வி இந்தச் சுற்றை முழுமையாக விளக்கி நூல் வெளியிட்டது 1628இல். அவருக்கு ஏறக்குறைய நான்கு நூற்றாண்டு முன்பே, நுரையீரல் வழியாகப் போகும் பகுதியை இப்னு அல்-நஃபீஸ் அரபு மொழியில் எழுதிவைத்திருந்தார். ஒரே சுற்றில் இருப்பதால் ஒன்றின் நோய் மற்றொன்றின் மேல் ஏறுகிறது. புகையால் சிதைந்த நுரையீரல் காலப்போக்கில் இதயத்தின் வலப்பக்கத்தை வீங்கவைக்கிறது. கடுமையான ரத்தசோகை இதயத்தை ஓயாமல் ஓடவைத்துத் தளர்த்துகிறது.

இந்த மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது எனக்கு மிக அழுத்தமாகத் தெரிவது ஒன்றுதான். நம்மிடையே பரவலாக இருக்கும் இதய, ரத்த, நுரையீரல் நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து பல ஆண்டுகளாகவே தெரியும். அவற்றில் பல விலை மலிவானவை, அரசே இலவசமாகத் தருபவை. அப்படியும் மக்கள் சாகிறார்கள், மூச்சுத் திணறலோடு முடங்குகிறார்கள். மருந்து ஆறு மாதம், பத்து வருடம், சில நேரம் ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியிருக்கிறது. அந்தத் தொடர்ச்சி எங்கோ அறுந்துவிடுகிறது. எங்கே, ஏன் என்று நோய் நோயாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காசநோயிலிருந்து தொடங்குவதே சரி, ஏனென்றால் இந்தக் கேள்வியை ஒழுங்காக ஆராய்ந்த முன்னோடி இடங்களில் ஒன்று சென்னை. இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் டி.பி. வந்தால் சானடோரியத்துக்குப் போக வேண்டும். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சவுரி முத்து அப்படியொரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. இங்கிலாந்தில் கணிதமேதை ராமானுஜனுக்குச் சிகிச்சை அளித்தவரும் இவர்தான். ராமானுஜன் 1920இல் சென்னை சேத்துப்பட்டில் காலமானார். அவருக்கு வந்தது காசநோய்தானா என்ற ஐயம் பிற்காலத்தில் எழுந்தது வேறு கதை.

அதே சேத்துப்பட்டில் 1956இல் காசநோய் மருந்தாய்வு மையம் அமைந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை சேர்ந்து நடத்திய மையம் அது. முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ். ஐசோனியாசிட், பாஸ் என்ற இரு மருந்துகள் அப்போது கைக்கு வந்திருந்தன. சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்தார்கள். மறுபாதியை நெரிசலான அவர்கள் வீட்டிலேயே விட்டார்கள். இரு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டார்கள், அதிகம் உழைத்தார்கள், ஓய்வே இல்லை. ஆனாலும் 1959இல் வெளியான முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் தேறியிருந்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வர இந்த ஆய்வு பெரிய காரணம்.

இந்த ஆய்வைப் பாராட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஆய்வாளர்கள் கூடவே செய்த இன்னொரு வேலை. சொல்லாமல் கொள்ளாமல் நோயாளியின் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். இருமல் நின்று உடம்பு தேறிய பிறகு மாத்திரையைத் தவறவிடுவது மனித இயல்பு என்பதை, நோயாளியின் மேல் பழி போடாமல், ஒரு மருத்துவ உண்மையாகப் பதிவு செய்தார்கள். அதன் தொடர்ச்சியாக, வாரம் இருமுறை மட்டும் மருத்துவப் பணியாளர் கண்ணெதிரே மருந்து கொடுக்கும் முறையைச் சோதித்து 1964இல் முடிவை வெளியிட்டார்கள். பிற்பாடு டாட்ஸ் என்ற பெயரில் உலகம் முழுதும் பரவிய நேரடிக் கண்காணிப்பு முறைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

இன்று சாதாரண காசநோய்க்கு ஆறு மாத மருந்து. இந்தியாவில் 2017 முதல் தினசரி மாத்திரை. மருந்துக்குக் கட்டுப்படாத வகைக்கு இரண்டு ஆண்டுவரை நீண்ட சிகிச்சையும் வலி மிகுந்த ஊசிகளும் இருந்தன. இப்போது பெடாகுயிலின் சேர்ந்த ஆறு மாத மாத்திரை முறை வந்திருக்கிறது, இந்தியா அதை 2024இல் ஏற்றது. ஆனால் மருந்து கிடைத்தும் முதல் சில வாரங்களிலேயே இறப்பவர்கள் இருக்கிறார்கள். மிக மெலிந்து, கால் வீங்கி, துணையில்லாமல் எழுந்து நிற்க முடியாத நிலையில் கண்டுபிடிக்கப்படுகிறவர்கள் இவர்கள். 2022இல் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இதைக் கவனித்தது. எடை, மூச்சு வேகம், ரத்தத்தில் பிராணவாயு அளவு, கால் வீக்கம், தானாக நிற்க முடிகிறதா என்ற சில எளிய அளவீடுகளை நோய் தெரிந்தவுடனே எடுத்து, ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்ப்பது அதன் வழி. பெரிய எந்திரம் எதுவும் வேண்டியதில்லை.

சாப்பாட்டின் பங்கு பற்றியும் இப்போது நல்ல சான்று கிடைத்திருக்கிறது. சென்னை ஆய்வில் மோசமான உணவோடும் நோய் தேறியது என்பதால், உணவு முக்கியமில்லை என்று சிலர் பல ஆண்டுகள் எண்ணிவிட்டார்கள். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வு, காசநோயாளியின் வீட்டாருக்குத் தலைக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் ஊட்டச்சத்து மாத்திரையும் கொடுத்தபோது, அவர்களுக்கு நோய் வருவது 39% குறைந்ததைக் காட்டியது. தொற்றும் வகை நுரையீரல் காசநோய் 48% குறைந்தது. தடுப்பூசி தர முடியாத பாதுகாப்பை அரிசியும் பருப்பும் தந்திருக்கின்றன. செங்கல்பட்டுப் பகுதியில் 1968இல் தொடங்கிய மாபெரும் பி.சி.ஜி. ஆய்வு, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்த ஊசி தடுக்கவில்லை என்று காட்டியதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு அரசு தரும் ஊட்டச்சத்து உதவித்தொகை 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி 2024 நவம்பரில் 1,000 ஆனது. வீட்டாருக்கும் சேர்த்து உணவு தருவதை நான் தர்மமாகக் கருதவில்லை. அது சிகிச்சையின் பகுதி.

இதயத்துக்கு வருவோம். மாரடைப்பு என்றதும் எல்லோரும் பேசுவது முதல் ஒரு மணி நேரத்தைப் பற்றி. அது உண்மையிலேயே முக்கியமான மணிநேரம்தான். நெஞ்சில் பாரம் ஏறி, வியர்த்து, இடது கையோ தாடையோ வலித்தால் ‘வாயுப் பிடிப்பு’ என்று சொல்லி சோடாவும் ஜெலுசிலும் குடித்துவிட்டுப் படுப்பவர்கள் எத்தனை பேர்! கோவையை மையமாக வைத்து டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் மற்றவர்களும் தமிழ்நாட்டில் நடத்திய ஸ்டெமி திட்டம், சிறு ஊர் மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனைகளோடு இணைத்தது. ஈசிஜி அங்கேயே எடுக்கப்படும், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியும் அங்கேயே போடப்படும், பிறகு நோயாளி ஆம்புலன்சில் ஆஞ்சியோவுக்கு அனுப்பப்படுவார். 2017இல் வெளியான அதன் முடிவுப்படி ஓராண்டுக்குள் இறந்தோர் விகிதம் 17.6%இலிருந்து 14.2%ஆகக் குறைந்தது. 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டார்வாஸ்டாட்டின் மாத்திரைகளை முதல் வேளையாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். கிராமத்தில் இருப்பவருக்கு இது பெரிய காரியம்.

ஸ்டென்ட் விலைக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு இறங்கியது. அரசின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. இவ்வளவும் நடந்து வீடு திரும்பியவர், நெஞ்சுவலிதான் போய்விட்டதே என்று ரத்தம் உறையாமைக்கான மாத்திரையைச் சில வாரங்களில் நிறுத்தினால், அதே ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து இரண்டாவது மாரடைப்பு வரும். அது முதலாவதைவிடக் கொடியதாக இருக்கும்.

இன்னும் பின்னே போனால் ரத்த அழுத்தம். 2004இல் சலீம் யூசுஃப் குழுவினர் 52 நாடுகளில் நடத்திய இன்டர்ஹார்ட் ஆய்வு, மாரடைப்பு ஆபத்தின் பத்தில் ஒன்பது பங்கைப் புகை, கொழுப்பு, ரத்த அழுத்தம், சர்க்கரை, தொப்பை முதலிய ஒன்பது காரணங்களே விளக்கிவிடுகின்றன என்றது. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில், மற்றவர்களுக்கு 59இல் வருகிறது என்றும் அந்தத் தரவு காட்டியது. குடும்பத்தின் கடன் முடியாத, பிள்ளைகளின் படிப்பு முடியாத வயது அது. சென்னையை மையமாகக் கொண்டு நடந்த ஐசிஎம்ஆர்–இந்தியாப் ஆய்வு 2023இல் இந்தியப் பெரியவர்களில் 35.5% பேருக்கு உயர் ரத்த அழுத்தம் என்றது. தமிழ்நாட்டு அரசின் 2020 ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பு அதைவிடக் கவலை தரும் ஒன்றைச் சொன்னது. ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருப்பவர்கள் 7.3% மட்டுமே.

பிரஷர் மாத்திரை ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோதான். விலையும் பெரிதில்லை. பின் ஏன் இந்த நிலை? பிரஷர் வலிக்காது. மாத்திரை போடாத நாளும் போட்ட நாளும் ஒரே மாதிரிதான் இருக்கும். ‘ஒருதரம் ஆரம்பித்தால் ஆயுசுக்கும் விட முடியாது’ என்ற அச்சம் வேறு. விட வேண்டிய தேவை ஏன் வர வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. மாதாமாதம் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்க ஒரு நாள் கூலி போகும். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்தக் கூலி இழப்பைத்தான் நேராகத் தொட்டது. உள்ளூர்ப் பெண் தன்னார்வலர் வீட்டுக்கு வந்து அழுத்தம் பார்க்கிறார், சர்க்கரை பார்க்கிறார், மாத்திரை தருகிறார். அடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பில், 2023-24இல், கட்டுக்குள் இருப்போர் 17% ஆனார்கள். இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது மகிழ்ச்சிதான். ஆறு பேரில் ஐந்து பேர் இன்னும் வெளியே நிற்பதை மறந்துவிட்டுக் கொண்டாட முடியாது.

ஏழைக் குழந்தைகளின் இதய நோய் ஒன்று இருக்கிறது. பேச்சில் அடிபடாமலே போய்விடுகிறது. தொண்டைப்புண், சில வாரம் கழித்து மூட்டுவலியும் காய்ச்சலும், பிறகு எல்லாம் மறைந்துவிடும். பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் வரும் இந்த ருமாட்டிக் காய்ச்சல் மூட்டைவிட்டுப் போனாலும் இதய வால்வில் தழும்பை விட்டுச் செல்கிறது. தொண்டையில் இருக்கும் ஸ்டிரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்த்து எழும் எதிர்ப்பாற்றல் தவறுதலாக வால்வையும் தாக்குகிறது. ஒவ்வொரு புதுத் தொண்டைத் தொற்றும் தழும்பை இறுக்கும். சிறிய வீட்டில் நெருக்கியடித்துத் தூங்கும் குழந்தைகளிடையே இந்தக் கிருமி எளிதில் பரவும் என்பதால் இது வறுமையோடு ஒட்டிய நோய். பெண் குழந்தையாக இருந்தால் வளர்ந்து, திருமணமாகி, கருவுற்ற ஐந்தாறு மாதத்தில் ரத்த அளவு பெருகும்போது சுருங்கிய வால்வு தாங்காமல் திடீரென்று மூச்சுத் திணறும். பிரசவ அறையில்தான் தனக்கு இதய நோய் இருப்பதே பல பெண்களுக்குத் தெரியவருகிறது.

இதைத் தடுக்க மூன்று வாரத்துக்கு ஒரு பென்சாத்தீன் பென்சிலின் ஊசி போதும். பென்சிலின் பழைய மருந்து, காப்புரிமை முடிந்து நெடுங்காலம் ஆகிவிட்டது, விலை மிகக் குறைவு. ஒருவேளை அதனாலேயே தயாரிக்க ஆர்வம் காட்டுவோர் குறைந்து, பல நாடுகளில் தட்டுப்பாடு வந்துபோகிறது. ஊசி இடுப்பில் போடும்போது கடுமையாக வலிக்கும். ஒவ்வாமை அபாயத்துக்கு அஞ்சி ஊசி போட மறுக்கும் இடங்களும் உண்டு. வால்வு கெட்டிருந்தால் 40 வயது வரையோ அதற்கு மேலுமோ தொடர வேண்டும். நோயே தெரியாத பத்து வயதுப் பெண்ணை மூன்று வாரத்துக்கொரு முறை பள்ளிக்கு விடுப்பு எடுக்கவைத்து, வலிக்கும் ஊசிக்கு அழைத்துப்போகும் தாயின் பொறுமையில்தான் இந்த மருத்துவம் முழுவதும் தங்கியிருக்கிறது. வட உகாண்டாவில் 818 குழந்தைகளிடம் நடந்த கோல் ஆய்வு, எக்கோ ஸ்கேனில் மட்டும் தெரியும் தொடக்க நிலையில் ஊசியைத் தொடங்கினால் இரண்டு ஆண்டில் நோய் முற்றியவர்கள் 0.8% என்றும், ஊசி போடாதவர்களில் 8.2% என்றும் காட்டியது. இவ்வளவு தெளிவான பலன் தரும் மலிவான மருந்துகள் இதய மருத்துவத்தில் அதிகமில்லை.

வால்வு முற்றிலும் கெட்டால் பலூனால் விரிக்கலாம், அல்லது செயற்கை வால்வு. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழு பல ஆண்டு உழைத்து உருவாக்கிய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. டிடிகே சித்ரா வால்வு என்ற பெயரில் இறக்குமதி வால்வுகளைவிடக் குறைந்த விலையில் ஏராளமானோருக்கு உயிர் தந்தது. ஆனால் உலோக வால்வு உள்ளே போனால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும், ரத்தம் உறையும் தன்மையை அளக்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அடிக்கடி செய்ய வேண்டும். மருந்தின் அளவு குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும். கூடினால் மூளையில் ரத்தக் கசிவு வரலாம். சோதனைக்கூடம் 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊர்க்காரருக்கு இது எப்படி நடக்கும்? பெரிய அறுவையைச் செய்து முடித்த மருத்துவமனைகள் இந்தச் சிறிய சோதனையை ஊருக்கு அருகே கொண்டுபோவதில் அதே முனைப்பைக் காட்டவில்லை என்பது என் குறை.

ரத்தசோகைக்கு வந்தால் எண்கள் திகைக்கவைக்கும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தியாவில் 57%, தமிழ்நாட்டில் 53.4% பேருக்கு ரத்தசோகை. விரல் நுனியில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் அளவு குறைத்துக் காட்டக்கூடும் என்ற எதிர்வாதம் உண்டு, அதில் உண்மையும் உண்டு. நரம்பிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்த 2016-18 தேசிய ஊட்டச்சத்து ஆய்வு 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 41% என்றே கண்டது. அதையொட்டி நடந்த குடும்பநல ஆய்வின் எண் அதைவிட நன்றாகவே கூடுதல். எந்தக் கணக்கை எடுத்தாலும் இது சாதாரண எண்ணிக்கை அல்ல.

‘ரத்தம் கம்மி’ என்றால் பேரீச்சம்பழம், பீட்ரூட், முருங்கைக்கீரை என்று வீட்டில் தொடங்கிவிடுவோம். கீரையில் இரும்பு இருக்கிறது. ஆனால் உடல் அதில் ஒரு சிறு பங்கையே உறிஞ்சும். சாப்பிட்ட கையோடு காப்பி, டீ குடித்தால் அந்தச் சிறு பங்கும் குறையும். எலுமிச்சை, நெல்லிக்காய் போன்றவை உறிஞ்சலைக் கூட்டும். ஹீமோகுளோபின் 8க்கு இறங்கிய பெண்ணுக்குக் கீரை மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். பள்ளிப் பெண்களுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை, கர்ப்பிணிக்கு 180 நாள் தினமும் ஒரு மாத்திரை என்பது அரசின் திட்டம். மாத்திரை போட்டால் வயிறு புரட்டும், மலம் கறுக்கும், மலச்சிக்கல் வரும். மலம் கறுப்பது இயல்பு, பயப்பட வேண்டாம் என்ற ஒரு வாக்கியத்தை மாத்திரை தருபவர் சொல்லிவிட்டால் பாதிப் பேர் நிறுத்த மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். இன்னொன்றும் சொல்லப்படுவதில்லை. ஹீமோகுளோபின் சரியான பிறகும் உடலின் இரும்புச் சேமிப்பு நிறைய மேலும் மூன்று மாதம் மாத்திரை வேண்டும். சோர்வு நீங்கியதும் நிறுத்துபவர் அடுத்த சில மாதங்களில் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறார்.

பெண்ணின் ரத்தசோகையில் அதிக உதிரப்போக்கின் பங்கைக் கேட்டு அறிவதே இல்லை. மாதம் ஏழெட்டு நாள் கட்டிகட்டியாக ரத்தம் போகிறவருக்கு எத்தனை மாத்திரை கொடுத்தும் என்ன பயன்? அதைப் பெண் தானாகச் சொல்ல மாட்டார். கேட்பதற்கு மருத்துவருக்கு நேரம் இருக்காது. வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவரும் அவர்தான். ஆண்களுக்கு ரத்தம் குறைந்தால் பொருள் வேறு. ஐம்பது வயது ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைவு தெரிந்தால், குடலில் எங்கிருந்து ரத்தம் கசிகிறது என்று தேடியே ஆக வேண்டும். சத்து டானிக் கொடுத்து அனுப்புவது குடல் புற்றுநோயை ஒளித்துவைப்பதாக முடியலாம்.

நீலகிரிக்கு ஒரு தனி வரலாறு உண்டு. இந்தியாவில் அரிவாள் அணு ரத்தசோகை முதன்முதலாக அறியப்பட்டது 1952இல், நீலகிரிப் பழங்குடிகளிடம். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் அமர்ந்துவிடும் ஒரே ஒரு மாற்றம் சிவப்பணுவை அரிவாளாக வளைக்கிறது. ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் அந்த மரபணு வந்தவருக்கு நோய் இல்லை, மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் உண்டு. இருவரிடமிருந்தும் வந்தால் எலும்பைப் பிளக்கும் வலி, அடிக்கடி தொற்று. மலேரியா மிகுந்த காட்டுப் பகுதிகளில் இந்த மரபணு தங்கிப்போனதற்கு மலேரியாவிலிருந்து கிடைக்கும் அந்தப் பாதுகாப்பே காரணம். ஹைட்ராக்சியூரியா மாத்திரை தினமும் சாப்பிட்டால் வலி வருவது நன்றாகக் குறையும். மத்திய அரசு 2023 ஜூலையில்தான் இதற்கென்று தேசிய இயக்கம் தொடங்கியது. நோய் அறியப்பட்டு 71 ஆண்டுக்குப் பிறகு. கூடலூரில் பழங்குடியினருக்காகவே இயங்கும் அஸ்வினி மருத்துவமனை அதற்கு வெகுகாலம் முன்பே அரிவாள் அணு நோயாளிகளைத் தேடிப்போய்ப் பார்த்துவந்தது.

தலசீமியா குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும், ஏறிய ரத்தத்தால் சேரும் இரும்பை இறக்கவும் தினமும் மருந்து வேண்டும். ஹீமோஃபிலியாவுக்கு வேலூர் சி.எம்.சி.யில் ஐந்து பேருக்குச் செய்த மரபணுச் சிகிச்சை 2024இல் வெளியாகிப் பெரும் நம்பிக்கை தந்திருக்கிறது. நாட்பட்ட மயலாய்டு ரத்தப் புற்றுநோயை 2001இல் வந்த இமாட்டினிப் தினமும் ஒரு மாத்திரையில் அடக்கிவைத்தது. அதன் விலைக்காக நடந்த சண்டை சென்னை உயர் நீதிமன்றத்தைத் தொட்டு, 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. காப்புரிமை மறுக்கப்பட்டதால், இந்தியக் கம்பெனிகள் தயாரிக்கும் மலிவு மாத்திரை தொடர்ந்து கிடைக்கிறது. நாளும் சாப்பிட வேண்டிய மருந்துக்கு விலைதான் முதல் தடை என்பதை அந்த வழக்கைப்போல் வேறெதுவும் காட்டவில்லை.

நுரையீரலில் காசநோயைத் தவிர்த்தால் பெரியவை இரண்டு, நாட்பட்ட மூச்சடைப்பு நோயும் ஆஸ்துமாவும். முதலாவதைப் புகைபிடிக்கும் ஆணின் நோய் என்று பாடப்புத்தகம் சொல்லும். இங்கே பீடியே தொடாத, ஆனால் முப்பது நாற்பது ஆண்டு விறகடுப்பு ஊதிய பெண்களுக்கும் அது வருகிறது. சென்னை ஸ்ரீராமச்சந்திராவில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டுக் கிராமச் சமையலறைகளில் புகையை அளந்து இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளும் இடம்பெற்ற நான்கு நாட்டு ஹேப்பின் ஆய்வில், கேஸ் சிலிண்டரைத் தடையின்றி இலவசமாகக் கொடுத்தபோது கர்ப்பிணிகள் சுவாசித்த நுண்துகள் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. பிறந்த குழந்தையின் எடை மட்டும் எதிர்பார்த்தபடி கூடவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். தமிழ்நாடு அரசின் இலவச அடுப்புத் திட்டம் 2007இல், மத்திய அரசின் உஜ்வலா 2016இல் வந்தன. அடுப்பு வீட்டுக்குள் வந்துவிட்டது. அடுத்த சிலிண்டருக்குக் காசில்லாத மாதத்தில் விறகு திரும்ப வருகிறது. மாத்திரைக்கு நேர்வதே இங்கே சிலிண்டருக்கும் நேர்கிறது.

ஆஸ்துமா பற்றி எழுதும்போது எனக்கு வருத்தம் கூடும், ஏனென்றால் இதில் இறப்பு பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது. உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13% பேர் இந்தியாவில். இறப்புகளில் 40%க்கு மேல் இங்கே என்று உலக நோய்ச்சுமைக் கணிப்பு சொல்கிறது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் எப்போதும் அழற்சியோடு இருக்கிறது. வீசிங் வராத நாளிலும் இருக்கிறது. அதை அடக்குவது தினமும் உறிஞ்சும் சிறிய அளவு ஸ்டீராய்டு. நீல நிற இன்ஹேலர் அப்போதைக்குக் குழாயை விரிக்கும், அழற்சியைத் தொடாது. நீலத்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்று 2019இல் சர்வதேச வழிகாட்டுதலே மாறிவிட்டது. நம் வீடுகளில் ‘இன்ஹேலர் போட்டால் பழகிவிடும்’, ‘பெண்ணுக்கு வரன் அமையாது’ என்று சொல்லி அதை ஒளித்துவைத்து, மூச்சு முட்டும்போது நள்ளிரவில் நெபுலைசருக்கு ஓடுகிறோம். உறிஞ்சும் மருந்தின் அளவு மைக்ரோகிராம் கணக்கு. அதற்கு அஞ்சி விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரை மில்லிகிராம் கணக்கு. இன்ஹேலரை எப்படி இழுக்க வேண்டும் என்று ஒருமுறையாவது பொறுமையாகக் காட்டிக்கொடுக்கப்பட்டவர்கள் சொற்பம்.

தும்மல், இருமல், இழுப்பு எதற்கும் நாம் ‘ஈசினோபீலியா’ என்று பெயர் சூட்டிவிடுவதையும் சொல்ல வேண்டும். உண்மையான வெப்பமண்டல ஈசினோபீலியா யானைக்கால் கிருமிக்கு நுரையீரல் காட்டும் எதிர்வினை. மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரம் சானடோரியத்தில் டாக்டர் ஃப்ரிமோட்-மோலரும் சகமருத்துவரும் 1940இல் இதைக் காசநோய்போல் தோன்றும் வேறொரு நோயாகப் பிரித்து எழுதினார்கள். டி.இ.சி. மாத்திரையில் அது குணமாகும். இன்று அந்தப் பெயரோடு வருபவர்களில் மிகப் பலருக்கு இருப்பது ஒவ்வாமையோ ஆஸ்துமாவோதான். பெயர் மாறியதால் ஸ்டீராய்டு இன்ஹேலர் தள்ளிப்போகிறது.

இத்தனை நோய்களிலும் தொடர்ச்சி அறும் இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் நோயாளியின் அலட்சியம் என்று ஒதுக்கக்கூடியது கொஞ்சமே. ஒரு நாள் கூலி போகிறது. வேலை தேடி வேறு ஊர் போனால் பழைய ஊரின் அட்டை அங்கே செல்லாது. மருந்து தருகிறவர் பக்கவிளைவைச் சொல்வதில்லை. சில மாதம் இருப்பு தீர்ந்துபோகிறது. காசநோய்க்கு ஒரு பதிவேடு, ரத்த அழுத்தத்துக்கு வேறு, கர்ப்பிணிக்கு வேறு என்று இருப்பதால், ரத்தசோகையும் வால்வுச் சுருக்கமும் சேர்ந்திருக்கும் ஒரே பெண் மூன்று ஏடுகளில் மூன்று ஆளாக இருக்கிறார். வீடு தேடி வரும் தன்னார்வலரின் பையில் இப்போது பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் இருக்கின்றன. வால்வு நோயுள்ள பிள்ளைகளின் பென்சிலின் தேதி, உலோக வால்வுக்காரரின் ஐ.என்.ஆர். தேதி, பெண்களின் இரும்பு மாத்திரைக் கணக்கு ஆகியவற்றையும் அந்த ஒரே நடையில் சேர்க்க முடியும். வால்வு நோயுள்ள பிள்ளைகள் ஒரு ஒன்றியத்தில் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருப்பார்கள். கிராம செவிலியரின் ஏட்டில் அவர்களுக்கென்று ஒரு பக்கம் போதும். ஸ்டீராய்டு இன்ஹேலரும் பென்சாத்தீன் பென்சிலினும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இல்லாத நாளே இருக்கக் கூடாது. வேறு ஊர் போகும் தொழிலாளி கையோடு இரண்டு மாத மருந்தை வாங்கிப்போக வழி வேண்டும். போன ஊரில் தன் பெயரைச் சொன்னால் மூன்றாம் மாத மருந்து கிடைக்க வேண்டும்.